வேலாயுதத்தின் இடது கன்னம்

எங்கள் புகைப்படக்காரர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி இளையவர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். தொழிலில் கற்றுக்கொண்டதை எழுதினால் போதும், அவுட்டோர் ஷூட் பற்றி என்றால் இன்னும் நல்லது என்றார்கள். இப்போது எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்களாம். அவர்களில் ஒருவர் தன் போனில் என்னைப் படம் எடுத்துக் காட்டினார். என் நெற்றிச் சுருக்கம், கண்ணுக்குக் கீழே தொங்கும் பை, கண்ணாடி அழுத்தி மூக்கில் விழுந்த வடு எதுவும் அதில் இல்லை. "நாம ஒண்ணுமே செய்ய வேண்டாம் அண்ணாச்சி, அதுவா சரி பண்ணிக்கிடும்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

நான் எடுத்த கல்யாணங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் ஒரு ஆளை வெட்டவெளியில் நிறுத்தி, சட்டைக்காகவும் முகத்துக்காகவும் படம் எடுத்தது வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான். அந்த ஆள் என் நண்பன் வேலாயுதம். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதற்குமுன் நான் யாரிடம், எதைக் கற்றேன் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சங்கரன்கோவில் தேரடிப் பக்கம் ஞானமுத்து அண்ணாச்சி நடத்திய ஸ்டுடியோவில் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. முதல் வருடம் பின்திரை மாற்றுவது, ஸ்டூல் நகர்த்துவது, டார்க்ரூமில் தட்டு கழுவுவது. பிறகு கல்யாணம், சடங்கு, காதுகுத்து, ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்து குடும்பத்தோடு நிற்கிறவர்கள் என்று எல்லாவற்றையும் எடுக்கப் பழகினேன். இதையெல்லாம் எந்த ஊரிலும் கற்றுக்கொள்ளலாம். அண்ணாச்சியிடம் மட்டுமே கற்க முடிந்தது ரீடச்சிங்.

கறுப்பு வெள்ளை நெகட்டிவில் முகத்தில் உள்ள கரும்புள்ளியும் பருவும் பள்ளமும் வெளிறித் தெரியும். சாய்வான கண்ணாடிப் பலகையில் நெகட்டிவை வைத்து, அடியிலிருந்து வெளிச்சம் வரச் செய்து, ஒரு திரவத்தைப் பஞ்சால் தொட்டு மேலே மெல்லப் பூச வேண்டும். அது காய்ந்தால்தான் பென்சில் பிடிக்கும். பென்சிலை ஊசியாகச் சீவி, உப்புத்தாளில் உருட்டி இன்னும் கூராக்கி, வெளிறிய இடம் ஒவ்வொன்றையும் சின்னச் சின்னக் கோடுகளால் நிரப்ப வேண்டும். கொஞ்சம் அழுத்திவிட்டாலும் பிரிண்டில் வெள்ளைத் திட்டு விழுந்துவிடும். ஒரு முகத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். கழுத்து விண்ணென்று இழுக்கும்.

அண்ணாச்சி குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வெள்ளை அரைக்கைச் சட்டை, மேல் பொத்தான் வரை போட்டிருப்பார். என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் நெகட்டிவை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விடுவார். எதற்கு இப்படிச் செய்கிறார் என்று ஒரு நாள் கேட்டேன்.

"மொகமா பாக்காத லே. மொகமா பாத்தா எரக்கம் வரும், பழக்கம் வரும், தப்பு கண்ணுல படாது. தலைகீழா வச்சுப் பாரு. அப்பம் அது வெறும் மேடும் பள்ளமுந்தான்."

அவர் சொன்னது உண்மை. தலைகீழாக வைத்தால் அது யாருடைய முகமும் இல்லை. கை சுலபமாக வேலை செய்தது. ஸ்டுடியோவுக்குள் வந்தவன் வந்ததைவிட ஒரு படி அழகாகத்தான் வெளியே போக வேண்டும் என்பது அண்ணாச்சியின் கொள்கை. மாநிறம் சிவப்பாகும், கறுப்பு மாநிறமாகும். வாங்கிக்கொண்டு போனவர்கள் சந்தோஷமாகத்தான் போனார்கள்.

ஒரே ஒரு அம்மா மட்டும் அப்படிப் போகவில்லை. திருவேங்கடத்துக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்துக்காரர். செத்துப்போன கணவரின் வாக்காளர் அட்டையைக் கொண்டுவந்து, அதிலிருக்கும் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தரச் சொன்னார். மங்கலான படம். நான் மூன்று நாள் உட்கார்ந்து கண்ணைத் திருத்தி, மீசையைத் தனித்தனி முடியாக வரைந்து, மூக்கோரத்தில் இருந்த பெரிய மருவை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா படத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவுக இல்லியே இது" என்றார். எனக்குப் புரிந்தது. தூரிகையால் அந்த மருவைத் திரும்ப வைத்துக் கொடுத்தேன். அதன் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. அண்ணாச்சியிடம் சொன்னபோது, லட்சத்தில் ஒருத்தர் அப்படிக் கேட்பார்கள், மற்றவர்கள் எடுக்கத்தான் சொல்வார்கள் என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அன்று அங்கேயே கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அண்ணாச்சிக்கு முடியாமல் போனபோது ஸ்டுடியோவை நானே எடுத்து நடத்தினேன். பென்சில் போய் கம்ப்யூட்டர் வந்தது. ஒரு மணி நேர வேலை பத்து நிமிடமானது. ஆனால் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு வேலை செய்யும் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

இனி வேலாயுதம்.

நானும் அவனும் ஆறாம் வகுப்பிலிருந்து பழக்கம். அவன் குடும்பம் நெசவுக் குடும்பம். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் இடத்தில், அவனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, கொதிக்கிற கஞ்சிப் பானை சரிந்து இடது பக்கம் கொட்டிவிட்டது. காதிலிருந்து கழுத்து வரை தோல் சுருங்கி, மெழுகு உருகி உறைந்த மாதிரி இருக்கும். இடது கண்ணோரம் கொஞ்சம் கீழே இழுத்திருக்கும். ஊரில் அவனுக்குப் பெயரே கஞ்சி வேலாயுதம். அவனுக்கு அதில் வருத்தம் கிடையாது. போனை எடுத்தால், "கஞ்சி வேலாயுதம் பேசுதேன்" என்றுதான் ஆரம்பிப்பான். பெண் பார்க்கப் போன வீட்டிலேயே, இடது பக்கம் வெளிச்சம் படும்படி வாசலைப் பார்த்து உட்கார்ந்தானாம். பார்க்கிறவர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. அந்தப் பெண்தான் அவன் மனைவி.

எட்டு விசைத்தறி வைத்திருந்தான். பல வருடம் சேலை ஓட்டினான். ஆர்டர் குறைந்தபோது இரண்டு தறியில் சட்டைத் துணி ஓட்டிப் பார்த்தான். கோயம்புத்தூரில் வேலை பார்த்த அவன் மகள் பவித்ரா அந்தத் துணியில் சட்டை தைத்து இணையத்தில் விற்கலாம் என்று இறங்கினாள். சட்டையைப் போட்டு நிற்க ஒரு ஆள் வேண்டும். சினிமாக்காரன் மாதிரி ஒருவனை நிறுத்தினால் அது எல்லோரும் செய்கிறதுதான். நெய்தவரே போட்டு நின்றால் நன்றாக இருக்கும், அப்பாவே நிற்கட்டும் என்றாள். அவன் சிரித்திருக்கிறான். மூன்று நாள் கழித்து என் ஸ்டுடியோவுக்கு வந்தான்.

"மக்கா, எம்மவ என்னைய மாடலாக்கப் போறாளாம். நீ எடுக்கதா இருந்தா நிக்கேன். வேற எவன் முன்னாலயும் நிக்க மாட்டேன்."

எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. முப்பது வருடத்துக்கு மேல் மணமேடைக்குக் கீழே நின்று, யாரோ சொன்ன நேரத்தில், யாரோ சொன்ன ஆளை எடுத்தவன் நான். எனக்குப் பிடித்த வெளிச்சத்தில், எனக்குப் பிடித்த ஒரு ஆளை எடுக்க அதுவரை வாய்க்கவில்லை.

கார்த்திகை மாதம், மழை ஓய்ந்த ஒரு வாரத்தில் போனோம். விடியும்போதே அவனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வாசுதேவநல்லூர் குளத்தங்கரைக்குப் போனேன். ஒரு பையில் எட்டுச் சட்டைகள், இஸ்திரி கலையாமல் அட்டை வைத்து அடுக்கியது. இன்னொரு பையில் கேமராவும், தூரத்திலிருந்து முகத்தை மட்டும் பிடிக்கிற லென்ஸும். வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிட ஒரு தெர்மோகோல் அட்டையை அவன் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தேன். காற்றுக்கு அது படபடவென்று அடித்தது. ராஜபாளையம் பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

குளம் நிறைந்து கிடந்தது. கரைக்கு அந்தப் பக்கம் வயல், அதற்கும் அந்தப் பக்கம் மலை, அடிவாரம் வரை துல்லியமாகத் தெரிந்தது. முதல் சட்டை நீலக் கட்டம். அதைப் போட்டுக்கொண்டு வந்து, பாஸ்போர்ட் படத்துக்கு நிற்கிற மாதிரி இரண்டு கையையும் தொடையில் ஒட்டி, மூச்சைப் பிடித்து நின்றான். முதல் இருபது படங்கள் ஒன்றுக்கும் உதவாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எடுத்துக்கொண்டே இருந்தேன். கேமரா சத்தம் பழக வேண்டும். பிறகு அவனுக்கு வேலை கொடுத்தேன். கையை மடித்துவிடு, பொத்தானைப் போடு, குனிந்து செருப்பைக் கழற்று, அந்தக் கல்லில் ஏறு. கைக்கு வேலை இருந்தால் முகம் தானாக இளகும். தறியில் நூல் அறுந்தால் எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டேன். உடனே கண்ணைச் சுருக்கிக் குனிந்து காட்டினான். அந்தப் படம் இன்றைக்கும் எனக்குக் கண்ணுக்குள் இருக்கிறது.

வெயில் அவனுக்கு வலப்பக்கத்திலிருந்து வந்தது. நான் என்னை அறியாமலே, "இந்தப் பக்கம் திரும்பு" என்று வலது பக்கத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவன்தான் கவனித்தான்.

"ரெண்டு பக்கமும் எடு லே. சட்டைக்கு ரெண்டு கை இருக்குலா" என்றான்.

அட்டையைத் தூக்கிக் கல் மேல் சாய்த்து, இடது பக்கத்துக்கு வெளிச்சம் கொடுத்து எடுத்தேன். அவன் நேராக லென்ஸைப் பார்த்தான். கூச்சமே இல்லை. அங்கிருந்து டீ குடித்துவிட்டு ஊர் திரும்பி, ரயில் நிலையத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் செங்கல் நிறச் சட்டையில் எடுத்தேன். சாயங்கால வெயிலுக்குத் திருவேங்கடம் சாலையில் கரிசல் காட்டுக்குள் இறங்கினோம். கறுத்த மண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சட்டை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கம்பை ஊன்றி நின்று பார்த்துவிட்டு, எந்தப் படத்துக்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டார். வேலாயுதம், "சட்டைப் படம்" என்றான். மூன்று பேரும் சிரித்தோம். அவனை அந்தச் சிரிப்போடு எடுத்தேன். ஐம்பத்தைந்து வயதில் அவ்வளவு லட்சணமாக ஒரு மனிதன் இருக்க முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்த மாதிரி ஒரு நாள் எனக்கு அதன் பிறகு வரவில்லை.

படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இருபத்திரண்டைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொன்றும் என் தொழிலின் முழுமை என்று தோன்றியது. இவ்வளவு நல்ல படத்துக்கு நல்ல முடிப்பு கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்படியே முதல் படத்தைத் தலைகீழாகத் திருப்பினேன்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நாற்பது வருடம் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். அவன் இடது கன்னம் எனக்குக் கண்ணில் பட்டதே இல்லை. பட்டாலும் அது வேலாயுதம், அவ்வளவுதான். ஆனால் தலைகீழாகத் திருப்பியதும் வேலாயுதம் போய்விட்டான். அங்கே மேடும் பள்ளமும் மட்டும் இருந்தது. கை தானாக வேலையை ஆரம்பித்தது. வலது கன்னத்திலிருந்து நல்ல தோலை எடுத்து இடது பக்கம் ஒட்டினேன். இழுத்திருந்த கண்ணோரத்தைத் தூக்கினேன். காது மடலைப் புதிதாக உருவாக்கினேன். தாடையின் நிழல் கெடாமல், ரோமக்கால் தெரிகிற மாதிரி, ஒட்டின இடமே தெரியாமல் செய்தேன். இரண்டு நாள் கடையைப் பாதி அடைத்துவிட்டு அதையே செய்தேன். நண்பனுக்கு ஒரு பெரிய பரிசு கொடுப்பதாகத்தான் என் மனதில் இருந்தது. கஞ்சி கொட்டாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருப்பானோ, அந்த முகத்தை அவனுக்குக் கொடுக்கிறோம் என்று.

அவனைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். அவன் நின்றபடியே குனிந்து பார்த்தான். நான் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்த்தேன். இருபத்திரண்டும் முடிந்ததும் நிமிர்ந்தான்.

"நல்லாருக்கு மக்கா. ரொம்ப மெனக்கெட்டிருக்க" என்றான். டீ சாப்பிடலாமா என்று கேட்டேன். தறியில் ஆள் இல்லை என்று சொல்லிப் போய்விட்டான். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

படங்களை மகளுக்கு அனுப்பினேன். அவளும் நன்றாக இருக்கிறது மாமா என்று மட்டும் பதில் போட்டாள். நடந்தது என்னவென்று எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அப்பாவே இப்படிக் கேட்டு வாங்கியிருக்கிறார் என்று அவள் நினைத்திருக்கிறாள். வாழ்நாளெல்லாம் மனதில் வைத்திருந்த ஆசை போலிருக்கிறது, கேட்டால் சங்கடப்படுவார் என்று வாயைத் திறக்கவில்லை. அவனோ, மகள்தான் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கிறாள், விற்பனைக்கு இந்த முகம் சரிப்படாது என்று நினைத்திருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு அவளிடம் பேசவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காயப்படுத்தாமல் இருக்கப் பார்த்து, என்னால் உண்டான பொய்யை ஒரு வருடத்துக்கு மேல் சுமந்தார்கள்.

சட்டை விற்றது. படங்களைப் பார்த்துப் பலர் பாராட்டினார்கள். மதுரையில் கைத்தொழில்காரர்கள் கடை போடுகிற ஒரு கண்காட்சியில் இவர்களுக்கும் இடம் கிடைத்தது. கரிசல் காட்டுப் படத்தை ஆள் உயரத்துக்குப் பிளக்ஸ் அடித்துப் பின்னால் கட்டியிருந்தார்கள். அதற்கு முன்னால் வேலாயுதம் நின்று துணியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். வந்தவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், அவனைப் பார்ப்பார்கள், மறுபடி படத்தைப் பார்ப்பார்கள். இரண்டாம் நாள், நல்ல மாதிரியாகத் தெரிந்த ஒரு அம்மா, சட்டைக்கு அளவு கேட்டுக்கொண்டே, படத்தில் இருப்பது உங்கள் தம்பியா என்று விசாரித்திருக்கிறார். அதில் கேலி எதுவும் இல்லை. வேலாயுதம், "ஆமா, எந்தம்பிதான்" என்று சொல்லிவிட்டான்.

அன்று சாயங்காலம் பவித்ரா எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, அப்பா தம்பின்னு சொல்லிட்டாங்க. அப்பாக்குத் தம்பியே கெடையாதுல்லா. நீங்க அப்பா கேட்டுத்தான் அப்படிச் செஞ்சீங்களா?"

இல்லை என்றேன். அப்படியானால் யார் கேட்டது என்றாள். யாரும் கேட்கவில்லை என்றேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பழைய படங்கள் இருக்கிறதா மாமா, அப்படியே எடுத்தது, அதை அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டாள்.

இல்லை. அதுதான் என்னை இன்றைக்கும் தூங்கவிடாத விஷயம். தேர்ந்தெடுத்த இருபத்திரண்டையும் திருத்தி, அதே பெயரில் மேலேயே சேமித்திருந்தேன். அவன் பார்த்துவிட்டுப் போனதும், கேமராவின் மெமரி கார்டை அடுத்த முகூர்த்தத்துக்காக அழித்துவிட்டேன். மிச்சப் படங்களையும் இடம் அடைக்கிறது என்று எப்போதோ நீக்கியிருந்தேன். அவசர வேலைகளில் நாங்கள் எப்போதும் செய்கிறதுதான். ஹார்ட் டிஸ்க்கை மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் கொடுத்தனுப்பி மீட்டெடுக்கப் பார்த்தேன். பாதி சிதைந்த ஏதோ ஒரு கல்யாணத்தின் படங்கள்தான் வந்தன. குளத்தங்கரையில் அவன் நேராகப் பார்த்தானே, அந்தப் பார்வை எங்கேயும் இல்லை.

அவன் ஊர் திரும்பிய மறுநாள் தறிக்கூடத்துக்குப் போனேன். தறி ஓடுகிற சத்தத்தில் ஒன்றும் பேச முடியாது. என்னைப் பார்த்ததும் சைகை காட்டி ஆட்களை டீக்கு அனுப்பிவிட்டு, ஒவ்வொரு தறியாக நிறுத்தினான். கடைசித் தறியும் நின்றதும் காதில் ஒரு இரைச்சல் மட்டும் மிச்சமிருந்தது. மகள் சொல்லி நான் செய்யவில்லை, நானாகத்தான் செய்தேன் என்று சொன்னேன்.

"தெரியும். பவித்ரா சொல்லிட்டா" என்றான்.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழையபடி கொடுத்திருப்பேனே என்றேன்.

அவன் பாவு நூலைத் தடவிக்கொண்டே பேசினான். "எம்மவ சொல்லியிருப்பாளோன்னு நெனச்சது ஒரு பக்கம். அது போவட்டும், சின்னப்பிள்ள. ஆனா லே, ஊர்ல எல்லாவனும் இத பாப்பான், எனக்குத் தெரியும். நீ பாக்கலன்னு நெனச்சிருந்தேன். நாப்பது வருசமா நீ ஒருத்தன் இதப் பாக்கலன்னு நெனச்சிருந்தேன். அன்னைக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல பாத்த பெறவுதான் தெரிஞ்சுது, நீயும் பாத்துக்கிட்டேதான் இருந்திருக்க."

அப்படி இல்லை என்று சொல்ல வாய் வந்தது. உண்மையிலேயே அப்படி இல்லை. ஆனால் எப்படி விளக்குவது? தலைகீழாகத் திருப்பிப் போட்டேன், அப்போது அது நீயாக இல்லை என்று சொன்னேன். சொல்லும்போதே எவ்வளவு மோசமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது. அவன் கோபப்படவில்லை. சரி விடு என்றான். இன்னொரு தடவை குளத்தங்கரைக்குப் போவோம், உள்ளது உள்ளபடி எடுக்கிறேன் என்று கேட்டேன். வயசாகிவிட்டது, இனிமேல் எதற்கு என்றான். மாதம் ஒரு முறையாவது கேட்டேன். ஒரு கட்டத்தில் நான் கேட்பது அவனுக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று தெரிந்து நிறுத்திக்கொண்டேன்.

இப்போது அவர்கள் சட்டைகளைக் கொக்கியில் மாட்டி எடுத்துப் போடுகிறார்கள். விற்பனை ஒன்றும் குறையவில்லை. வேலாயுதம் கடை போடுகிற எந்த ஊருக்கும் போவதில்லை. மனைவியும் மகளும்தான் போகிறார்கள். போனை எடுத்தால் வேலாயுதம் என்று மட்டும் சொல்கிறான். நாங்கள் இன்றும் டீ குடிக்கப் போகிறோம். கடைக்குள் நுழைந்ததும் இடது பக்கம் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்து உட்காருகிறான். முன்பு அப்படி இல்லை. எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்காருவான். கொதிக்கிற கஞ்சியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும், ஊர்ப் பட்டப்பெயரும் ஐம்பது வருடத்தில் செய்யாததை, அவன் நம்பிய நான் இரண்டு நாளில் செய்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வருடமே ஸ்டுடியோவை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்டவர்களிடம் கண் மங்குகிறது என்று சொன்னேன். அதுவும் உண்மைதான்.

போன தை மாதம் பவித்ராவுக்குக் கல்யாணம். வெளியூரிலிருந்து வந்த ஒரு குழு படம் எடுத்தது. நான் வெறும் விருந்தாளியாக மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் குடும்பப் படம் எடுக்கும்போது வேலாயுதம் வலது பக்கம் தெரியும்படி திரும்பியே நின்றான். எடுத்து முடிந்ததும் அந்தப் படக்காரரைக் கூப்பிட்டு, தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னான். அவர் தலையாட்டினார். என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குக் கேட்காமலே தெரிந்தது. எழுந்து போய் அந்தப் படக்காரரிடம், அதைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். பாதி எழுந்தும்விட்டேன். முன்பு அவனைக் கேட்காமல் ஒன்று செய்தேன், இப்போது மறுபடியும் அவனைக் கேட்காமல் இன்னொன்று செய்வதா என்று உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. பார்க்க வரச் சொல்லி அவனே கூப்பிட்டான். கனமான ஆல்பம். பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினான். எல்லாவற்றிலும் அவன் முகம் வழுவழுவென்று இருந்தது. வேலை சுத்தமாக இல்லை. தாடையோரம் மங்கிப் போயிருந்தது. அதை நான் சொல்லவில்லை. பந்திப் படங்கள் வந்தன. ஒரு படத்தில் முன்னால் வரிசையாக ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால், தூரத்தில், வேலாயுதம் ரசவாளியோடு நின்ற ஒருவரிடம் குனிந்து எந்த இலைக்குப் போக வேண்டும் என்று கை காட்டிக்கொண்டிருந்தான். சின்ன உருவம். திருத்தியவர் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. இடது பக்கம் அப்படியே இருந்தது. காது, கழுத்து, இழுத்த கண்ணோரம், எல்லாம்.

அவன் பக்கத்தைத் திருப்பப் போனான். நான் கையை வைத்துத் தடுத்தேன்.

"இத ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"இதுல நீ இருக்க."

அவன் குனிந்து பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். உள்ளே அவன் மனைவி பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"வேண்டாம் மக்கா" என்றான்.

நான் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்திலிருந்து கையை எடுத்தேன். அவன் அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.